பதினாறு விநாடி

கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே,
காடுபீசனஹள்ளியில், ஐந்தாவது மாடியில்,
ராத்திரி இரண்டு மணிக்கு
நிகோபார் தீவுகளின் அலை உயரத்தைத் தட்டுகிறேன்.
கார் நிகோபார் ஒன்று புள்ளி ஆறு.
கச்சால் இரண்டு. கமோர்ட்டா இரண்டு புள்ளி ஒன்று.
பெரிய தீவுக்கு வரும்போது
இரண்டு புள்ளி நான்கு மீட்டர்.

நான் பாலக்கோட்டுக்காரி. அப்பாவுக்குத் தக்காளி மண்டி.
கடலில் கால் நனைத்தது இரண்டே தடவை.
இரண்டு தடவையும் செருப்பைத் தொலைத்தேன்.

சேர்ந்த வாரம், பக்கத்து மேசை ரொசாரியோ,
உவரிக்காரன், சொன்னான்:
மீட்டரை விடு, விநாடியைப் பார்.
ஆறேழு விநாடிக்கு ஒன்றாய் வந்தால்
அது பக்கத்துக் காற்றின் வேலை,
தெரு நாய் குரைக்கிற மாதிரி, அடங்கிவிடும்.
பதினாலு, பதினாறு என்று இடைவெளி நீண்டால்
ஆறு நாளைக்கு முன்னே தென்கோடியில் செத்த புயல்
இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
காற்று இருக்காது. மேகம் இருக்காது.
எங்க பக்கம் அதுக்குப் பேர் கள்ளக்கடல்.

அவன் இப்போது தோஹாவில்.
அவனுடைய கோப்பையில் நான் பேனா போட்டுவைக்கிறேன்.

மூன்று பத்துக்கு ஃபோன்.
கச்சால் ஜெட்டியில் ஒட்டிய அறிக்கையின் அடியில்
எறும்பளவு எழுத்தில் எங்கள் எண் இருக்கிறதாம்.
பேர் புஷ்பமலர். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள்.
மகளுக்குப் போர்ட் பிளேரில் நர்சிங் நேர்காணல்.
விடியற்காலை போட்.

"அலை ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கீங்க.
அது எனக்கு விளங்கல மேடம்.
ஜெட்டியில கால் வைக்கலாமா, வேணாமா?"

அதற்கு என் திரையில் கட்டம் இல்லை.
பயணம் பற்றி ஆலோசனை தரக்கூடாது
என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.
"அங்கே கடல் எப்படி இருக்கு?" என்றேன்,
ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"இலைகூட அசையல. எண்ணெய் ஊத்தின மாதிரி கெடக்கு."

இரண்டாவது பத்தியைப் பார்த்தேன்.
பதினாறு விநாடி.

என் குரலா அது, தெரியவில்லை:
"போகாதீங்கம்மா."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.
ஒரு பெண் குரல், இளசு,
என்னவாம் என்று கேட்டது.
பிறகு லைன் இல்லை.

நாலரைக்குக் கீழே டேங்கர் லாரி.
ஐந்து நாளாய்க் குழாயில் காற்றுதான் வருகிறது.
வாட்ச்மேன் ரங்கப்பா குழாயைச் சம்ப்பில் சொருகிவிட்டு
பக்கத்திலேயே குந்தியிருக்கிறார்,
யாரும் திருடிவிடக் கூடாதென்று.
பன்னிரண்டாயிரம் லிட்டர் இறங்குகிற சத்தம்.
நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு
அதைக் கடல் என்று நினைக்கப் பார்த்தேன்.
டீசல் வாடைதான் வந்தது.

மறுநாள் ராத்திரி அதே எண்.

"வரலையே மேடம். ஒண்ணுமே வரல.
போட் போயி நல்லபடியா சேந்துட்டு.
பிள்ளை என்கூடப் பேச மாட்டேங்குது."

வரைபடத்தைத் திறந்தேன்.
கச்சாலில் அளந்தது ஒன்று புள்ளி ஒன்று.
தெற்கே, பெரிய தீவில்,
பகல் பதினொன்றுக்கு, வெயிலில்,
படித்துறையில் கட்டியிருந்த மூன்று டோங்கியை
எடுத்துப் போயிருக்கிறது. ஆளில்லாத டோங்கிகள்.
இதை அவளிடம் சொல்லலாம்.
சொன்னால் நான் ஜெயித்த மாதிரி ஆகும்.
நேர்காணல் திரும்ப வராது.

மன்னிச்சுக்கோங்க என்றேன்.
மன்னித்தாளா என்று தெரியவில்லை.
வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.
மூச்சு கேட்டது. பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது.

"சரி, அது போகட்டும்.
வெள்ளிக்கிழமை இன்னொரு போட் இருக்காம்.
ஆபீசுல நேர்ல போயிக் கெஞ்சிப் பார்க்கணும்.
மீட்டரு வேணாம் மேடம்.
அந்த விநாடி எத்தனைன்னு சொல்லுங்க."